பாகு தெரிந்த ஊரில் பாட்டில் கேரமல் எதற்கு?

மைசூர் சயாஜி ராவ் சாலையில் தேவராஜா மார்க்கெட்டை ஒட்டி நடந்தால், பூ வாசனை முடிகிற இடத்தில் நெய் வாசனை தொடங்கும். குரு ஸ்வீட்ஸ் கடை அங்கேதான் இருக்கிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனையில் சமையல் பார்த்த காகாசுர மாதப்பாவின் வழிவந்தவர்கள் நடத்துகிற கடை. கடலை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்து மாதப்பா கிளறி வைத்த ஒன்றை மகாராஜா சாப்பிட்டுவிட்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டாராம். வாயில் வந்ததை 'மைசூர் பாக' என்று சொல்லிவைத்தாராம் மாதப்பா. கதையில் எத்தனை கைச்சரக்கோ, பெயரில் பொய் இல்லை. கன்னடத்தில் 'பாக' என்றால் நம்முடைய பாகுதான். மாவையும் நெய்யையும் விட்டுவிட்டுப் பாகின் பெயரை வைத்தாரே, அங்கே தெரிகிறது சமையல்காரரின் கை.

அந்த ஊரில் இன்று வீட்டில் கேக் செய்கிறவர்கள், கேக்கின் மேல் பூச கேரமல் ஃப்ராஸ்டிங் வேண்டுமென்றால் முதலில் போனைத்தான் எடுக்கிறார்கள். பத்து நிமிடத்தில் பாட்டில் வந்துவிடுகிறது. பின்பக்கம் திருப்பிப் படித்தால் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், பிறகு 150 என்று தொடங்கும் ஓர் எண். 150ஏ முதல் 150டி வரை நான்கு வகையாகப் பிரித்திருக்கும் கேரமல் நிறமி அது. கோலா பானத்துக்குப் பழுப்பு நிறம் தருவதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நிறமும் மணமும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்த இனிப்பு. சர்க்கரையை வாணலியில் காய்ச்சினால் இந்த இரண்டும் தானாகவே வரும், அதுவும் பத்து நிமிடத்தில்.

ஏன் செய்வதில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: பயம். கருகிவிடும், கட்டிவிடும், கையைச் சுட்டுவிடும், தெர்மாமீட்டர் வேண்டும். முதல் மூன்றும் நியாயமான பயம். நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது.

குவெம்புநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பேத்தி அடுப்படியில் நிற்கிறாள். மேடையில் சாய்த்து வைத்த போனில் அமெரிக்கப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டிருக்கிறாள். பாட்டி மோடாவில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறாள்.

"பாட்டி, நூத்திப் பதினாறு வந்துடுத்து. இறக்கிடட்டுமா?"

"அது என்ன கணக்கோ எனக்குத் தெரியாதும்மா. ஒரு கிண்ணத்துல தண்ணி எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பாரு."

விட்டுப் பார்க்கிறாள். சொட்டு அடியில் போய் உட்கார்கிறது. விரலால் உருட்டினால் அழுத்தமான கோலிக்குண்டாக வருகிறது.

"அது தக்காளிப் பதத்தைத் தாண்டிடுத்து. இப்போ கடலை உருண்டைதான் பிடிக்கலாம்."

இதில் பாட்டி சொன்னதுதான் சரி. தெர்மாமீட்டரும் பொய் சொல்லவில்லை. காரணம் ஊரின் உயரம். மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் மேலே இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே ஏறத்தாழ 97.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பாகும் அப்படியே. கடலோரத்து அடுப்பை நினைத்து எழுதிய குறிப்பில், தண்ணீரில் விட்டால் மெத்தென்று திரளும் பதத்துக்கு 112 முதல் 116 டிகிரி என்று போட்டிருப்பார்கள். சாமுண்டி மலையடிவாரத்தில் அதே பதம் இரண்டரை டிகிரி முன்னதாகவே வந்து நிற்கும். 116 வரும்வரை காத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது அடுத்த பதம். உயரம் எதுவாக இருந்தாலும் தண்ணீரில் விழுந்த சொட்டு அந்தந்த ஊரின் கணக்கைச் சொல்லிவிடும். நூறு வீட்டில் நூறு பாட்டிகள் காரணம் தெரியாமலே கடைப்பிடித்துவந்த கருவி அது. உடையாது, பேட்டரியும் தீராது.

தமிழ் வீடுகளில் பாகுக்கு இருக்கும் சொற்களை அடுக்கிப் பார்த்தால், மிட்டாய்ப் பாடப்புத்தகம் ஒன்றின் உள்ளடக்கம் போலவே இருக்கும். விரலுக்கு நடுவே பிசுக்கென்று ஒட்டினால் பிசுக்குப் பதம், குலாப் ஜாமுனுக்கு. இழுத்தால் ஒரு கம்பி நின்றால் மைசூர் பாகு. அதிரசத்துக்குத் தக்காளிப் பதம். மைசூர்க்காரர்கள் அதையே கஜ்ஜாய என்பார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு, தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்க வேண்டும். அங்கே 150 டிகிரியை நெருங்கிவிட்டோம். கேரமல் என்பது அதற்கு அடுத்த படி. 160 டிகிரிக்கு மேல் சர்க்கரை உருக்குலையத் தொடங்கி, தேன் நிறம் வந்து, செம்பு நிறம் வந்து, கவனிக்காவிட்டால் கரி நிறத்துக்குப் போகும். ஏணியில் ஏழு படி ஏறத் தெரிந்தவர் எட்டாவது படியைப் பார்த்து மலைப்பானேன்? அந்த எட்டாவது படியில் தண்ணீர் முழுவதும் வற்றிவிடுவதால் உயரக் கணக்குகூடத் தேவையில்லை. நிறத்தைப் பார்த்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. மைசூர் பாகை வெட்டினால் நடுவில் ஒரு பழுப்புப் பட்டை தெரியும். பழைய பாணியில் செய்த, துளைதுளையாக இருக்கும் பாகில்தான் அது வரும். கொதிக்கும் நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது பாகிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் பொங்கி அந்தத் துளைகளை உண்டாக்குகிறது. தட்டில் கொட்டியபின் ஓரம் ஆறிவிடும். நடுவில் சூடு அடைபட்டு மாவையும் சர்க்கரையும் சிவக்கவைக்கும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து சிவக்கும் இந்த வேலையை 1912இல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மய்யாரின் பெயரில்தான் அறிவியல் அழைக்கிறது. (கோயம்புத்தூர்ப் பாணி மெத்தென்ற மைசூர்பாவில் துளையும் கிடையாது, பட்டையும் கிடையாது. வாயில் கரைகிறது, மறுக்கவில்லை. ஆனால் மைசூர்க்காரரிடம் அதை நீட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.) ஆகக் கேரமலின் மணம் இந்த ஊருக்குப் புதிதாக வந்து இறங்கியதில்லை. பர்ஃபித் தட்டின் நடுவில் நூறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

சர்க்கரையும் தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. கிருஷ்ணராஜ சாகர் தண்ணீர் மண்டியாவைக் கரும்பு வயலாக்கியது. 1933இல் மைசூர் சர்க்கரைக் கம்பெனி அங்கே எழுந்தது. மைசூரிலிருந்து பெங்களூர் போகும் பழைய சாலையில், பருவத்தில், 'ஆலெமனெ' என்று கன்னடத்தில் சொல்லும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து புகையோடு வருகிற வாசனையை முகர்ந்தவர்கள் கேரமலைப் பாட்டிலில் தேட மாட்டார்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். கறுப்பு நான்-ஸ்டிக்கிலும் இரும்பு வாணலியிலும் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் இந்த வேலையே இல்லை. சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 60 மில்லி. கரையும்வரை கிளறலாம், கொதித்தபிறகு கரண்டியை எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் சுவரில் தெறித்து ஒட்டிய ஒரு படிகம் உள்ளே விழுந்தால் போதும், மொத்தப் பாகும் அதைப் பார்த்துக் கற்கண்டாகிவிடும். அதனால் ஈரத் துணியாலோ பிரஷாலோ சுவரைத் துடைத்துவிடுவார்கள். ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சை நாலு சொட்டு பிழிகிறார்களே, அதே வைத்தியம் இங்கேயும் பலிக்கும். புளிப்பு சர்க்கரையை இரண்டாக உடைத்துவிடுவதால் அது படிகமாகச் சேர முடிவதில்லை.

ஐந்தாறு நிமிடம் ஒன்றும் நடக்காது. இந்தச் சமயத்தில்தான் போனைப் பார்ப்பார்கள், காலிங்பெல் அடிக்கும், குக்கர் விசில் வரும். பிறகு ஓர் ஓரத்தில் லேசான மஞ்சள் படரும். அங்கிருந்து செம்பு நிறத்துக்கு ஒரு நிமிடம்தான். கரண்டி போடாமல் பாத்திரத்தைச் சுழற்றினால் நிறம் ஒன்றுபோலாகும். புதிதாகப் புளி போட்டுத் துலக்கிய செம்புச் சொம்பின் நிறம் வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். பாத்திரத்தின் சூடு இன்னும் ஒரு சுற்றுச் சிவக்கவைக்கும் என்பதால், மனசுக்குச் சரியென்று படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அணைப்பவர் கைதேர்ந்தவர். தேன் நிறத்திலேயே நிறுத்தினால் வெறும் இனிப்புதான் மிஞ்சும்; கேக்கின் இனிப்பைத் தாங்க ஒரு துளி கசப்பு வேண்டும்.

உடனே நறுக்கிய வெண்ணெய் 90 கிராம், பிறகு வெதுவெதுப்பான கிரீம் 120 மில்லி, கால் தேக்கரண்டி உப்பு. கிரீம் விழுந்ததும் சீறிக்கொண்டு பொங்கும். பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டியது அதற்காகவே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கிரீமை ஊற்றினால் சீற்றம் இன்னும் கூடும், பாகும் கட்டிக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீர் மேலே பட்டால் வழிந்தாவது ஓடும். 170 டிகிரி பாகு ஒட்டிக்கொண்டு சுடும். பக்கத்தில் ஒரு பாத்திரம் குளிர்ந்த தண்ணீர் தயாராக இருக்கட்டும், குழந்தைகள் கூடத்தில் இருக்கட்டும்.

இந்தக் கேரமல் முழுக்க ஆற வேண்டும். அவசரக்காரர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். ஆறிய கேரமலில் 150 கிராம், வெளுக்க அடித்த உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், ஐசிங் சர்க்கரை 200 கிராம். மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் சேர்த்து அடிக்கையில் பட்டுப்போல வரும். திரிந்தாற்போலத் தெரிந்தால் பாத்திரத்தின் அடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி மறுபடி அடிக்கலாம், தளர்ந்தால் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வீட்டில் கடைந்த வெண்ணெயானால் மோர் போகக் கழுவி, தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். மைசூரில் மைலாரி தோசை மேல் உட்கார்ந்து வருகிற மாதிரியான ஈர வெண்ணெய் தோசைக்கு அழகு, ஃப்ராஸ்டிங்குக்கு ஆகாது. மிஞ்சிய கேரமல் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் ஓடும்.

உப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. உப்பிட்ட கேரமலை 1970களின் பிற்பகுதியில் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் ஆன்ரி லெ ரூ என்ற மிட்டாய்க்காரர் பிரபலமாக்கினார் என்று உலகம் கொண்டாடுகிறது. நியாயமான கொண்டாட்டம்தான். நம் வீடுகளில் சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை, அவ்வளவே.

பேக்கரிகளைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. கர்நாடகத்தில் ஐயங்கார் பேக்கரி மரபு 1898இல் பெங்களூர் சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. பேக்கரியிலிருந்து கணக்கு வைக்கப்படுகிறது. முட்டையில்லாத கேக், காரப் பன், தேங்காய்ப் பன் என்று தெருவுக்குத் தெரு பரவிய மரபு அது. அந்தக் கடைகளின் ஹனி கேக்குக்கு ஃப்ராஸ்டிங்கே கிடையாது. பாகில் ஊறிய ஸ்பஞ்சு, மேலே ஜாம், அதன்மேல் தேங்காய்த் துருவல். அதுவும் பாகுச் சமையல்தான். பிறகு பிறந்தநாள் கேக் வந்தது, வனஸ்பதியில் ரோஜாப்பூ பூத்தது. அதற்கும் பின்னால் வந்ததுதான் பாலே சேராத 'விப்பிங் கிரீம்'. 1945இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் என்பவர் சோயாவிலிருந்து உருவாக்கிய சங்கதியின் வாரிசு அது. தாவரக் கொழுப்பு, சர்க்கரை, குழம்பாக்கிகள் சேர்ந்த அந்தக் கலவைக்கு வியாபாரத்தில் ஒரு நியாயம் உண்டு. விலை குறைவு, மூன்று மடங்கு உப்பும், ஏப்ரல் வெயிலில் ஸ்கூட்டரில் அரை மணி நேரம் போனாலும் ரோஜா வாடாது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு கட்டியபிறகு அதை விஷம் என்று அலறவும் வேண்டாம். குறை நாக்கில்தான். மேலண்ணத்தில் மெழுகுபோலப் படிந்துகொண்டு, கேக்கின் ருசியை உள்ளே விடாது. வாசல்வரை மட்டும் போகிற கேக்குக்கு அந்த ஸ்கூட்டர் கணக்கு எதற்கு?

வெயில் நிஜமான பிரச்சினை. மைசூரில் ஏப்ரல் மத்தியானம் 35 டிகிரியைத் தொடும். வெண்ணெய் அதற்குள் உருகி வழிந்துவிடும். அந்த மாதங்களில் அடித்த வெண்ணெய்ப் பூச்சை விட்டுவிட்டு, காய்ச்சிய பூச்சுக்கு மாறுவது புத்திசாலித்தனம். குளிர்சாதனம் வருவதற்கு முன்பே புழுக்கத்தில் வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் கேரமல் கேக்கில் பூசுவது இதைத்தான். வெண்ணெய் 100 கிராமும் நாட்டுச் சர்க்கரை 200 கிராமும் உருகியபின் கொஞ்சம் பால், இரண்டு நிமிடக் கொதி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, ஐசிங் சர்க்கரை சேர்த்து அடித்து உடனே பூசுவது. பர்ஃபிபோல இறுகி நிற்கும். அங்கே அவர்கள் பயன்படுத்துவது வெல்லப்பாகு ஒட்டிய ஈரமான பழுப்புச் சர்க்கரை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 'பிரவுன் ஷுகர்' என்று விற்கும் பருமணல் அதற்கு ஈடாகாது, மெல்லக் கரையும். மண்டியா வெல்லத்தைப் பொடித்த நாட்டுச் சர்க்கரைதான் நெருங்கிய உறவு. ஒரே ஓர் எச்சரிக்கை: வெல்லத்தில் புளிப்பு இருந்தால் பால் திரியும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் தப்பலாம்.

இந்த இடத்தில் மைசூர் ஐயங்கார் வீடுகளில் சிரிப்பு வரும். பாலையும் இனிப்பையும் சுண்டக் காய்ச்சிச் சிவக்கவைப்பதைப் பற்றியா பாடம்? கல்யாணமென்றால் திரட்டுப்பால் இல்லாமல் உண்டா? தென்னமெரிக்காவில் டுல்ஸே டெ லெச்சே என்று ஜாடி ஜாடியாக விற்பதும் சுண்டிய பால்தான், சோடா ஒரு சிட்டிகை உட்பட. தார்வாட் பேடாவும் பெளகாவி குந்தாவும் பாலைச் சிவக்கவிட்டே பெயர் வாங்கியவை. குக்கரில் வைத்து இளஞ்சிவப்பாக எடுக்கும் பால் பாயசமும் அதே வகையறா. சர்க்கரையில் செய்த திரட்டுப்பாலை ஆறவைத்து, மிக்ஸியில் ஒரு சுற்றுவிட்டு மணலை மசித்து, அடித்த வெண்ணெயில் கலந்தால் என்ன கிடைக்கிறது? சேர்த்துப் பார்த்தவர்கள் அதற்குப் பெயர் தேடி போனை எடுக்க மாட்டார்கள். இதே ருசிக்குக் குறுக்குவழி என்று கன்டென்ஸ்டு மில்க் டின்னை மூடியோடு குக்கரில் வேகவைக்கும் பழக்கம் மட்டும் ஒழிய வேண்டும். டின் வெடித்தால் சமையலறையே கேரமலாகிவிடும். பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றி, மூடி, தண்ணீருக்குள் வைத்து வேகவிட்டாலும் அதே சிவப்பு வரும்.

1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் செலுவாம்பா மாளிகையில் இயங்குகிற ஊர் இது. தசராவின்போது ஆகார மேளாவில் ராகி முத்தையிலிருந்து மூங்கில் அரிசிவரை எல்லாம் மணக்கிற ஊர். அந்த மேளாவில் பாகுப் பதம் பார்க்கும் போட்டி ஒன்று வைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாமல், ஒரு கிண்ணம் தண்ணீரோடு. நடுவருக்கு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒருவரும், எழுபது தாண்டிய பாட்டி ஒருத்தியும் இருந்தால் சண்டை சுவாரசியமாக இருக்கும்.

கேக் பூசி முடிந்தபிறகு பாத்திரத்தின் அடியில் கேரமல் கண்ணாடிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்பு நாரை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் பாட்டிக்குப் பொறுக்காது. அதிலேயே ஒரு டம்ளர் பாலை ஊற்றிச் சின்னத் தணலில் வைக்கச் சொல்வாள். பால் சூடேறச் சூடேற ஒட்டியதெல்லாம் கரைந்து மேலே வரும். காலையில் இறக்கிவைத்த டிகாக்‌ஷன் மீதமிருந்தால் இரண்டு கரண்டி. சர்க்கரை போட வேண்டாம்.